அடியும் வித்தும்: பாவாணர் தொகுத்த பெயர்கள்

பயிர் உறுப்புகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைத் தொகுத்தளித்தோருள் ஞா. தேவநேயப் பாவாணர் (1902–1981) தலைசிறந்தவர். ‘சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள்’ என்னும் நூலில் அவர் தரும் பட்டியல் புகழ்பெற்றது. நெல்லின் அடி தாள். கீரையின் அடி தண்டு. சோளத்தின் அடி தட்டை. கரும்பின் அடி கழி. மூங்கிலின் அடி கழை. வித்துகளுக்கும் அவ்வாறே கத்தரிக்கு விதை, புளிக்குக் காழ், ஆமணக்கிற்கு முத்து, மாவிற்குக் கொட்டை எனப் பெயர்கள் பலவாம்.

இப்பட்டியலைப் போற்றுவோர் பெரும்பாலும் சொற்களை எண்ணி மகிழ்வதோடு அமைவர். எண்ணிக்கை மட்டும் வளமாகாது. அப்பெயர்கள் எந்நெறியிற் பிரிந்தன என்பதே ஆராயத்தக்கது. நெல், சோளம், கரும்பு, மூங்கில் ஆகிய நான்கும் புல்லினத்தைச் சேர்ந்தவை. பயிர்நூலார் இவற்றின் தண்டுக்கெல்லாம் பொதுப்பெயர் ஒன்றே இடுவர். தமிழ் வழக்கோ நான்காகப் பிரிக்கின்றது. நெல்லின் தாள் மெலிந்தது. சோளத்தட்டை உள்ளே சோறு நிறைந்தது. கரும்பின் கழி சாறு நிறைந்தது. மூங்கிற்கழை உட்புழையும் வன்மையும் உடையது. கண்ணும் கையும் உணரும் வேற்றுமைக்கேற்பப் பெயரும் வேறாயிற்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பகுத்ததும் இந்நெறி பற்றியதே. அவ்வயிரத்திற்கு அந்நூல் வழங்கும் சொல்லும் காழ் என்பதே. மரத்தின் வயிரமும் புளியின் வித்தும் வன்மையால் ஒரு பெயர் பெற்றன.

எனினும், இந்நெறி பயிர்நூலோடு பொருந்தாத இடங்களும் உள. வாழையின் வெளித்தோற்றமான அடி, இலையுறைகளின் திரளேயன்றித் தண்டு அன்று. மெய்த்தண்டு மண்ணுள் கிழங்காய் உள்ளது. உணவாகும் வாழைத்தண்டு, குலையைத் தாங்கி உறைகளினூடே மேலெழும் பகுதியாகும். மாங்கொட்டையின் வன்தோடும் கனியின் உட்சுவரே; வித்து அதனுள் இருக்கின்றது. சொல்லாராய்ச்சி செய்த பாவாணர்க்கு இஃது இழுக்கன்று. ஆயின், பட்டியலை அப்படியே கலைச்சொல்லாக்க விழைவோர் இதனை மறத்தலாகாது.

மிளகாயும் வேர்க்கடலையும் 1492-க்குப் பின்னரே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்கடந்து பரவின. ஆயினும் மிளகாய்ச் செடியின் அடி கோல் என்றும், வேர்க்கடலையின் வித்துக் கடலை என்றும் பழைய பெயர்களையே பெற்றன. புதியதை ஏற்கும் ஆற்றல் இச்சொற்களுக்கு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. இன்று வேண்டுவது ஒவ்வொரு சொல்லுக்கும் திட்டமான வரையறை. அதனைச் செய்வதே பாவாணர் உழைப்புக்கு ஆற்றும் நன்றி. எண்ணிக்கை கூறிப் பெருமிதம் கொள்வது அன்று.