ஸ்வர்ணலதாவின் குரலில் நாம் ஏற்றிய சோகம்

ஸ்வர்ணலதா 2010 செப்டம்பர் 12 அன்று இறந்தபோது அவருக்கு வயது 37. அதற்குப் பிறகு ‘எவனோ ஒருவன்’ எங்கே ஒலித்தாலும், “பாவம், சீக்கிரமே போயிட்டாங்க” என்று யாராவது சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். நைட் ஷிப்டில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண் கலங்கியபடி.

இப்போது அந்தக் கண்ணீர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ‘சத்ரியன்’ படத்தின் ‘மாலையில் யாரோ’ 1990இல் வந்தது. அவருக்கு அப்போது 17 வயது இருக்கும். அது சோகப் பாட்டே இல்லை. காதல் வந்துவிட்டதை இன்னும் தனக்கே முழுசாகச் சொல்லிக்கொள்ளாத ஒரு பெண்ணின் பாட்டு. சங்கதிகளைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார், எதையும் அழுத்துவதில்லை. இளையராஜாவின் மெட்டு கேட்பதும் அந்த அடக்கத்தைத்தான். அதில் மரணத்தின் சாயலைக் கேட்பது நம்முடைய வேலை, அவருடையது இல்லை.

‘கருத்தம்மா’வில் பாடிய ‘போறாளே பொன்னுத்தாயி’க்குத் தேசிய விருது கிடைத்தது, சோகக் குரல் என்ற முத்திரையும் கெட்டியானது. ஆனால் அதே 1994இல், அதே ரஹ்மான் இசையில், மனோவோடு ‘முக்காலா முக்காபுலா’வும் பாடியிருக்கிறார். என்ன ஒரு திமிர் அந்தக் குரலில்! தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறார். நான் பார்த்த அஞ்சலிப் பதிவுகளில் இந்தப் பாட்டு அபூர்வம். செத்தவங்க ஆட்டம் போடக் கூடாதுபோல.

போன மாதம் ஏற்காடு போகும்போது காரில் அதைப் போட்டேன். பின்சீட்டிலிருந்து நண்பன் கேட்டான்: “டேய், இது ஸ்வர்ணலதாவா?”

முதலிலிருந்து மறுபடி போட்டேன்.