பெரட்டுக் களத்திலிருந்து பேச்சு மேசைக்கு

ரப்பர்த் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் தனியாளாய்க் கேட்டுக் கிடைக்காததை, சேர்ந்து எழுதிய ஒரு கோரிக்கைத் தாள் கேட்டுப் பெற்றது. அந்தத் தாளின் அழகு அதன் நுணுக்கத்தில் இருக்கிறது.

1941இல் மலாயாவின் சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல். கூடவே, தோட்டத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும்! கூலியும் மானமும் ஒரே பட்டியலில் நின்றன. ஆனால் போராட்டத் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார்.

பின்னர், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

பி.பி. நாராயணன் தலைமையில் அச்சங்கத்தினர் முதலாளிகள் சங்கத்தோடு பேசிப் பேசி, ரப்பர் விலை ஏறினால் கூலியும் ஏறும்படி ஒப்பந்தம் செய்தார்கள். ஆனால் மழை பெய்தால் பால் வெட்டு நடக்கவில்லை, கூலியும் கிடைக்கவில்லை. அதனால்தான் தோட்ட லயங்களில் மாதச் சம்பளக் கோரிக்கை ஓயாமல் ஒலித்தது.