கட்டடம், படம், நாற்காலி

ஜனநாயகத்தைப் படம் பிடிக்க முடியுமா? முடியும் என்றுதான் நவீனக் கட்டடக் கலையின் புகைப்பட மரபு நமக்குச் சொல்லிவந்திருக்கிறது. சட்டமன்றம், நூலகம், பல்கலைக்கழகம், பொருட்காட்சி அரங்கம் ஆகியவற்றின் தூண்களையும் நிழல்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து மாட்டிவிட்டால் குடியரசின் லட்சியமே சுவரில் தொங்குவதாக ஒரு நம்பிக்கை. இதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கண்காட்சிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2012இல் தில்லி ஃபோட்டோஇங்க் காலரியில் ராம் ரஹ்மான் தொகுத்தளித்த ‘டெல்லி மாடர்ன்’ என்ற மதன் மஹத்தாவின் கட்டடப் படங்கள். இன்னொன்று, 1947 முதல் 1985 வரையிலான தெற்காசியக் கட்டடக் கலையைக் காலனிய நீக்கத்தின் பிரதியாக வாசித்து 2022இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்தியது. அதற்காக ரந்தீர் சிங் புதிதாகவும் படங்கள் எடுத்தார். நம்ம பக்கத்து வாசகருக்கு இவை அச்சுப் படங்களாகத்தான் வந்து சேர்ந்தன.

தில்லி பிரகதி மைதானத்தின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ அரங்கை மஹத்தா எடுத்திருக்கிறார். நியூயார்க்கும் அதைப் பேசியது. ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் செய்து, விடுதலையின் 25ஆம் ஆண்டான 1972இல் எழுந்த கட்டடம். எஃகில் செய்ய வேண்டிய கூட்டை எஃகுத் தட்டுப்பாட்டால் கான்கிரீட்டில், கூலிகளின் கைகளால் அங்கேயே வார்த்தார்கள். 2017 ஏப்ரலில் ஒரே ராத்திரியில் இடித்துத் தள்ளினார்கள். கட்டடம் போய்விட்டது, படம் நிற்கிறது. அரசு அழித்ததற்கு அரசே கட்டிய காலத்துப் படம் சாட்சி சொல்கிறது. இந்தப் பெறுமதியை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்தப் படங்களின் இலக்கணத்தைக் கவனியுங்கள். வெளிச்சம் சரியான கோணத்தில் விழ வேண்டும். ஆட்கள் நகர வேண்டும். தப்பித் தவறி ஒருவர் நின்றால் அவர் தூணின் உயரத்தைக் காட்டும் அளவுகோல். அவர் யாரு, எந்த ஊரு, உள்ளே போக விடுவாங்களா என்ற கேள்விகளைப் படம் கேட்பதில்லை. குடிமக்கள் இல்லாத குடியரசு இப்படித்தான் அழகாகிறது. திறந்த முற்றம் என்றால் திறந்த சமூகம், கண்ணாடிச் சுவர் என்றால் ஒளிவுமறைவற்ற ஆட்சி என்று வடிவத்தையே மதிப்பீடாகப் படிக்கும் இந்தச் சொல்லாடலுக்குள் சாதி நுழைய ஒரு கதவும் கிடையாது. சாதி கட்டடத்தின் வடிவத்தில் இல்லை, உட்காரும் ஒழுங்கில் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். கட்டடங்களுக்குக் கம்பி உருட்டும் ஆலைகள் இங்கே சிப்காட்டில் இருக்கின்றன. வேலை செய்கிறவர்களில் பலருக்கு வாக்கு பீகாரிலும் ஒடிசாவிலும் இருக்கிறது. ஈழ அகதிகள் முகாமில் பல்லாண்டாய் வாழ்ந்தும் வாக்கே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வாக்கும் பதவியும் உள்ளவர் நிலை என்ன? அதே கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். கொடி ஏறிய படம் எல்லாருக்கும் தெரியும். அது அரசு தன்னைச் சரிசெய்துகொண்ட படம். கம்பத்துக்கும் ஒரு பெண்ணின் கைக்கும் நடுவில் கிடந்த அந்த அஞ்சு நாளை எந்தக் கட்டடப் படத்தில் தேடுவது?

இதற்கு எதிர்முனையில் ஒரு படம் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில், தலித் பெண்ணான தலைவர் ராஜேஸ்வரி தரையில். கலை நோக்கம் எதுவுமில்லாத சாதாரணப் படம். ஆனால் பார்த்தவுடனே அறையின் அதிகார வரைபடம் முழுக்கத் தெரிகிறது: யார் மேலே, யார் கீழே, யார் இதை இயல்பு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பொதுக் கட்டடம் பற்றி நம் காலத்தில் எடுக்கப்பட்ட முக்கியமான படம் இதுதான் என்பேன். இதை எந்தக் காலரியும் கட்டடக் கலைப் படம் என்று வகைப்படுத்தாது.

“இது செய்திப் படம், அது கலைப் படம்; ரெண்டையும் ஏன் குழப்புறீங்க?” என்று நண்பர்கள் கேட்கலாம். அந்தப் பிரிவினைதான் பிரச்சினையே. லட்சியத்தைக் கலைக்கும் இழிவைச் செய்திக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. அரசியல் சமத்துவமும் சமூக ஏற்றத்தாழ்வும் ஒரே கூரையின் கீழ் முரண்பட்டுக் கிடக்கப் போவதை அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்றே அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அந்தக் கூரையின் வெளிப்புறத்தை மட்டும் எடுக்கிறவர் முரண்பாட்டுக்கு வெள்ளையடிக்கிறார். தெற்குத் திட்டைப் படத்திலும் ஆபத்து உண்டு. தலைவரைப் பரிதாபத்துக்குரிய உடலாக மட்டும் நிறுத்திவிட அதற்குத் தெரியும். ஆகவே அதன் பக்கத்தில் அவர் கையெழுத்திட்ட தீர்மானமும் இருக்க வேண்டும்.

1997இல் மேலவளவில் முருகேசனைக் கொன்றது இதே பதவிக்காகத்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஊராட்சித் தேர்தலில்தான் அவர் தலைவரானார். அன்றிலிருந்து சட்டம் நாற்காலியை ஒதுக்குகிறது, ஊர் அதைப் பிடுங்குகிறது. 2025 ஜனவரியில் திருவள்ளூர் உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஊர் முணுமுணுப்பதில்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நமக்கு ஒரு கண்காட்சி தேவைப்படுகிறது. இயக்கத் தோழர்களின் செல்போனே போதும். ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் நாலு படம்: தலைவர் நாற்காலி, பெயர்ப்பலகை, கொடிக்கம்பம், சாவி யார் கையில் என்பது. தேர்தலுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. அந்தப் படங்களை அந்தந்த அலுவலகச் சுவரிலேயே மாட்ட வேண்டும். மாட்ட விடுகிறார்களா, யார் வந்து பார்க்கிறார்கள், யார் கிழிக்கிறார்கள் என்பதெல்லாம் கண்காட்சியில் சேர்த்திதான்.