‘பலி’ என்னும் சொல்

‘விபத்தில் ஐவர் பலி’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அதே சொல்லைப் பீடத்தின்முன் ‘திருப்பலி’ என்று வணக்கத்தோடு உச்சரிக்கிறோம். ஒரு சொல் இரு பொருளைச் சுமப்பது குற்றமன்று. ஒன்றன் ஒளியை மற்றொன்றின்மேல் போர்த்தி உண்மையை மறைக்கும்போதுதான் திறனாய்வுக்கு வேலை வருகிறது. ஜெர்மன் மொழியிலும் ‘ஓப்ஃபர்’ என்னும் ஒரே சொல், மனமுவந்து அளிக்கும் பலியையும், தன் விருப்பமின்றி உயிர் பறிக்கப்பட்டவரையும் குறிக்கின்றது. கட்டாய இராணுவச் சேவையின் பயிற்சியில் மாண்ட இளைஞரை அம்மொழியினர் எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதை நோக்கும்போது, இச்சொல்லின் இருமை நம்மை உறுத்துகிறது.

1957 ஜூன் 3 அன்று, அன்றைய மேற்கு ஜெர்மனியின் கெம்ப்டன் நகருக்கருகே இல்லர் ஆற்றில் அத்துயரம் நிகழ்ந்தது. கட்டாயச் சேவைக்கு முதல் அணியினர் அழைக்கப்பட்டு இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஆற்றில் இறங்கிக் கடக்கலாகாது என்னும் தடை இருந்தும், பயிற்சியளித்த கீழ்நிலைத் தலைவர் ஒருவர் கடக்குமாறு கட்டளையிட்டார். இறங்கியவர்களை நீரோட்டம் இழுத்துச் சென்றது. 15 இளைஞர் மூழ்கி இறந்தனர். அங்கே போர் இல்லை, பகைவரும் இல்லை. கட்டளையிட்டவரைக் குற்றவாளி என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1954இல், ஹன்ஸ் ஹெல்முட் கிர்ஸ்டின் ‘08/15’ என்னும் நாவல் வெளிவந்து அந்நாட்டைக் கலக்கியது. 1939ஆம் ஆண்டின் படைமுகாம் ஒன்றே அதன் முதற்பகுதியின் களம். ஃபீர்பைன் என்னும் மென்மையான வீரனைப் பயிற்சியாளர்கள் சிறுசிறு அவமானங்களால் நொறுக்குகின்றனர். கீழ்ப்படிதல் எப்படி ஒருவனுக்குள் அச்சமாக ஊன்றப்படுகிறது என்பதைக் காட்டுவதில் நாவல் பெருவெற்றி பெறுகிறது. ஆனால் முடிவு நமக்கு நிறைவளிக்கவில்லை. நண்பனுக்காகக் கிளர்ந்தெழும் ஆஷ் தன் சாமர்த்தியத்தால் மேலதிகாரிகளைத் திணறடிக்கிறான். இறுதியில் பதவி உயர்வும் பெறுகிறான். நாம் சிரித்துவிட்டு நூலை மூடுகிறோம். சாமர்த்தியமற்ற எளியவனுக்கு என்ன வழி? இல்லர் ஆறு எழுப்பும் அக்கேள்வி நாவலின் நகைச்சுவைக்கு அப்பால் நிற்கிறது. கொடியவன் ஒருவன் இல்லாமலேயே, ஆராயாது இடும் கட்டளையும் ஆராயாது பணியும் பழக்கமும் சேர்ந்தால் உயிர் போகும்.

பெர்லினில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அருகே 2009இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் வேறொரு படைப்பு. கட்டடக் கலைஞர் ஆந்திரேயாஸ் மெக் வடிவமைத்தது. 1955இல் புதிய படை தோன்றியதுமுதல் பணியில் இறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஒளியெழுத்தாய் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைகின்றன. இறந்தோரைத் தொகையாக்காமல் பெயர் சொல்லி அழைக்கும் இவ்வடிவத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் அதன் கல்வெட்டு அனைவரையும் அமைதி, நீதி, விடுதலை ஆகியவற்றோடு இணைத்துவிடுகிறது. சட்டத்தால் அழைக்கப்பட்டு, தடைசெய்யப்பட்ட ஆற்றில் இறக்கப்பட்டவர்களுக்கு அச்சொற்கள் எப்படிப் பொருந்தும்? பிரித்துப் பேசினால் பெற்றோரின் மனம் புண்படும் என்பர் சிலர். அவ்வச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மகன் ஏன் இறந்தான் என்று கேட்கும் தாய்க்கு உயர்ந்த சொற்கள் விடையாகா.

ஆண்டவர் இயேசுவின் உயிரை எவரும் பறிக்கவில்லை. அவரே மனமுவந்து கையளித்தார் என்று யோவான் நற்செய்தி நமக்குக் கற்பிக்கிறது. அவ்விருப்பமே பலியைப் பலியாக்குகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், நாட்டுக்காகப் பணிபுரியும் படைவீரரை மதிப்போடு குறிப்பிடுகிறது. அதேவேளை, அறநெறிக்கு முரணான கட்டளைகளை நிறைவேற்றியோருக்குக் குருட்டுக் கீழ்ப்படிதல் சாக்காகாது எனவும் உரைக்கிறது. அங்கே பேசப்படுவது பெருங்கொடுமைகளைப் பற்றியே. ஆயினும் மனச்சான்றைக் கட்டளைக்கு அடகு வைக்கலாகாது என்னும் படிப்பினை சிறு முகாமுக்கும் உரியது.

இல்லரில் இறந்தோரின் குடும்பங்களுக்காகத் திரண்ட நன்கொடையிலிருந்து அதே ஆண்டில் படைவீரர் உதவி நிறுவனம் ஒன்று பிறந்தது. கல்வெட்டினும் அது நேர்மையான நினைவு என்போம். நவம்பர் மாதத்தில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி, மரித்தோரைப் பெயர் சொல்லி மன்றாடுகிறோம். அப்போது எவருக்கும் வீரர் பட்டம் சூட்டுவதில்லை, இரக்கத்தையே வேண்டுகிறோம். கட்டளையால் மாண்ட இளைஞரையும் அவ்வாறே நினைப்போம். அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று கேட்பதையும் நிறுத்தாதிருப்போம்.