மீசான் கட்டை இல்லாத கப்று: நமது மூதாதையர் எழுத்தைப் பற்றி ஒரு விமர்சனம்

எங்கள் குடும்பத்தில் ஒரு ஷஹீத் இருந்தார். என் உம்மாவின் வாப்பாவுடைய வாப்பா. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில், குருநாகல் பக்கத்துக் கிராமமொன்றில், தன் கடையைக் காக்க நின்று வெட்டுப்பட்டு மௌத்தானார் என்பது கதை. புதுக்கடையில் பிறந்து வளர்ந்த இந்த நாற்பத்துச் சொச்ச வருடங்களில், பெருநாள் தினத்திலும் கத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கிய விமர்சனம் சொல்லிக் கொடுக்கும் நானும் பார்க்கவில்லை. பாட்டனாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வீட்டு அலுமாரியில்தான் கிடந்தது. அவர் பிறந்த வருடம் 1922. அதாவது, 1915இல் ஷஹீதான ஒருவருக்கு ஏழு வருடம் கழித்து மகன் பிறந்திருக்கிறார்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. மாணவர் ஒருவர் இப்படி ஒரு கட்டுரை எழுதித் தந்திருந்தால் சிவப்புப் பேனாவால் சுழித்திருப்பேன். சொந்த வீட்டுக் கதை என்றதும் என் பேனா மூடியே இருந்துவிட்டது.

இது குடும்பப் பெருமையோ குடும்பக் குறையோ சொல்வதற்காக எழுதும் கட்டுரையல்ல. ஊர் வரலாறு, குடும்ப மலர், பள்ளிவாசல் நூற்றாண்டு மலர் என்று நமது சமூகத்தில் மூதாதையரைப் பற்றி வரும் எழுத்து எப்படிக் கட்டப்படுகிறது, அந்தக் கட்டடத்தில் யாருக்கு இடமில்லாமல் போகிறது என்பதே என் கேள்வி. பிறருடைய கதையில் பிழை பிடிப்பதை விட எங்கள் கதையையே மேசையில் வைப்பது மரியாதை என்பதால் அதை வைக்கிறேன்.

கல்லும் கதையும்

இந்த வகை நூல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. அரபு நாட்டிலிருந்து ஒரு கப்பல் வரும். ஒரு பெரியவர் இறங்குவார். ஓர் அரசன் அவருக்குக் காணி கொடுப்பான். அடுத்த பக்கத்திலேயே நாம் வந்துவிடுவோம். இடையில் ஆயிரம் வருடம் அரைப் பந்தியில் கழிந்துவிடும்.

இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்து மீசான் கல். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டு, அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று வாசிக்கப்பட்ட கல் அது. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியராக இருந்த சாமுவேல் லீ வாசித்துக் கொடுத்தார். 1827இல் லண்டன் றோயல் ஆசிய சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சேறியது. அதனோடு ஜோன்ஸ்டன் எழுதிய கடிதத்தில்தான், ஹாஷிம் கோத்திரத்தார் எட்டாம் நூற்றாண்டில் அரபு நாட்டிலிருந்து வந்து திருகோணமலை, மன்னார், புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி முதலான இடங்களில் குடியேறினர் என்ற செய்தியும் இருக்கிறது. நம்மில் பலர் கல்லையும் கடிதத்தையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறோம். இரண்டும் வேறு. கல் ஒரு சான்று. கடிதத்தில் இருப்பதோ, அன்றைய முஸ்லிம்களிடம் ஜோன்ஸ்டன் கேட்டு எழுதிய வாய்மொழி மரபு. என் உம்மாவின் கதையும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். வாய்மொழி என்பதால் பொய்யாகிவிடாது. அச்சில் வந்ததால் கல்வெட்டாகிவிடவும் செய்யாது. இன்னொன்றும் உண்டு. இன்னார் இங்கே மௌத்தானார் என்று ஒரு கல் சொல்லும். நாமெல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகள் என்று சொல்லாது.

அந்தக் கல்லை இவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்ள நமக்குக் காரணம் இருந்தது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். மொழியையும் பழக்கவழக்கங்களையும் அவர் சான்றாகக் காட்டினார். சட்டநிருபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த நேரம் அது. மறு வருடமே எம்.சி. அப்துர் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். இராமநாதனுக்கு விரிவான மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் தமது விமர்சன நூலை வெளியிட்டார். நம்மவர் எழுதிய விமர்சன நூல்களில் அது முன்னோடி. ஒரு சமூகத்தின் பெயரையே இன்னொருவர் தீர்மானிக்க முற்படும்போது மறுத்தெழுதுவது கடமை; அஸீஸ் அந்தக் கடமையைச் செய்தார்.

ஆனால் இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, வாதாடிய இருவருமே ஒரே முற்றத்தில் நின்றிருப்பது தெரிகிறது. வந்த ஆண் யார் என்பதே இருவருக்கும் பெரிய விஷயம். அந்த ஆணைக் கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, தாலாட்டிய பெண்ணின் வீட்டுக்குள் இருவரும் போகவில்லை. அரபு இரத்தம் என்கிறோம், சரி. நாம் பேசுகிற தமிழ் எந்தக் கப்பலில் வந்தது? அது உம்மாமாரின் வாயிலிருந்து வந்தது. அந்த உம்மாமாருக்குக் கல்லும் இல்லை, கடிதமும் இல்லை.

தேடிப் போன வழி

உம்மா சுகமில்லாமல் படுத்திருந்த காலம். ஒரு மஃரிபுக்குப் பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: “மகள், எங்கட அப்பாட கப்று எங்க ஈக்கிதெண்டு ஒருக்காப் பாத்திட்டு வாங்களே. நான் மௌத்தானா அதக் கேக்கிறதுக்கும் ஆளில்ல.”

அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். பாட்டனார் இன்னொரு விஷயமும் சொல்வாராம்: வாப்பா மௌத்தாகி, பதின்மூன்று வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு வந்தேன் என்று. 1922உம் பதின்மூன்றும் 1935. இரண்டு கதையும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று பாராமல் எண்பது வருடம் குடியிருந்திருக்கின்றன.

பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் 1935ஆம் வருட மரணப் பதிவேட்டைக் கேட்டேன். அலுவலரான சிங்களப் பெண்மணி, “அந்த வருஷப் புத்தகங்கள் மட்டும் தடிப்பு மிஸ்” என்றார். மலேரியா வருடம் அது. 1934இல் மழை பொய்த்து, மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் குட்டை குட்டையாகத் தேங்கி, நுளம்பு பெருகி, ஏறக்குறைய எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோன காய்ச்சல். கேகாலையும் குருநாகலும்தான் அதிகம் அடிபட்டன. பருப்பும் மருந்தும் சுமந்து கிராமம் கிராமமாகப் போன என்.எம். பெரேராவுக்குப் ‘பரிப்பு மாத்தயா’ என்று பெயர் வந்ததும் அப்போதுதான்.

பூட்டனாரின் பெயர் சிங்கள எழுத்தில், கடைசியில் ஒரு ‘தம்பி’ ஒட்டிக்கொண்டு இருந்தது. தொழில் வியாபாரம். காரணம் காய்ச்சல். வாளுமில்லை, வெட்டுமில்லை. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு சிங்களப் பெயர். அயலவர் என்று குறிப்பு. வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் கிடக்க, பக்கத்து வீட்டுக்காரர் நடந்து போய்ப் பதிந்திருக்கிறார்.

பிறகு உம்மாவின் பெட்டியடியில் ஓர் உறுதி அகப்பட்டது. எங்கள் தெருவில் உறுதி வாசிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. நீதிமன்றங்களைச் சுற்றித்தானே எங்கள் வீடுகள். 1919இல் அந்தக் கிராமத்தில் கடையோடு சேர்ந்த ஒரு காணித்துண்டு வாங்கப்பட்டிருக்கிறது. வாங்கியவரின் பெயர் ஒரு பெண்ணின் பெயர். என் பூட்டியின் பெயர். நான் முதன்முதலாக அப்போதுதான் அதை அறிந்தேன். குடும்பத்தில் அவர் வெறும் ‘உம்மா’. மரணப் பதிவில் அவர் இல்லை. கடுத்தம் கிடைத்திருந்தாலும் அவருடைய கையெழுத்து இருந்திருக்காது. நமது விவாகப் பதிவில் மணமகளின் கையெழுத்தைச் சட்டம் இன்றுவரை கட்டாயமாகக் கேட்பதில்லை. ஒரு நொத்தாரிசின் உறுதியில்தான் அந்தப் பெண் பெயரோடு உயிர் வாழ்கிறார்.

நானாவோடு புறக்கோட்டையில் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். 1915இல் கடைகள் உடைக்கப்பட்ட கதையைப் பள்ளிவாசலில் இன்னும் சொல்கிறார்கள். மையவாடி தென்னந்தோட்டத்தின் ஓரத்தில். ஊர் வழக்கப்படி நான் வேலிக்கு வெளியே நின்றேன். நானா மோதினாரோடு உள்ளே போனார். மோதினார் ஒரு பக்கத்தைக் கையால் வளைத்துக் காட்டியது வெளியிலிருந்தே தெரிந்தது. “காய்ச்சல் வருஷத்து மையித்தெல்லாம் இந்தப் பக்கம்தான். ஒரே நாள்ல நாலஞ்சு வெச்சீக்கிறாங்க. மீசான் நடுறதுக்கு யாரீந்த?” எந்த இடத்தில் நிற்பது என்று நானாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுவதற்கும் ஸலாம் சொன்னார். நான் வேலியைப் பிடித்தபடி ஓதினேன்.

திரும்பி வந்து உம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. “அப்ப அவங்க ஷஹீது இல்லியா?” என்றார். காய்ச்சலில் மௌத்தானவரின் அந்தஸ்து அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றேன். பிறகு உறுதியைப் பற்றிச் சொன்னேன். “கடைய ஒடச்ச ஊருக்கா திரும்பிப் போன?” “ஓம் உம்மா. நாலு வருஷத்தால.” உம்மா சொன்னார்: “அப்பிடியெண்டா பயந்த மனிசர் இல்ல.”

கதை மறைத்தது எதை?

ஒரு விமர்சகியாக நான் இங்கேதான் நிற்கிறேன். ஷஹீத் கதை தவறு என்பது சிறிய விஷயம். அது எதை மூடி வைத்திருந்தது என்பதே பெரியது. கடை கொள்ளைபோன ஊருக்கே ஒரு மனிதரும் அவர் மனைவியும் திரும்பிப் போய், அதே மண்ணில் காணி வாங்கி, அதே மக்களுக்குச் சாமான் விற்று, பதினாறு வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். கடைசியில் ஓர் அயலவர் அவருக்காகப் பதிவாளரிடம் போயிருக்கிறார். அந்த அயலவர் 1915இல் எங்கே நின்றார் என்பதைப் பத்திரம் சொல்லாது. அதை இனிப்பாக்கி எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் அளுத்கமையையும் திகனையையும் கண்ட நமக்கு, வெட்டுப்பட்டவரின் கதையை விடத் திரும்பிப் போனவரின் கதை அதிகம் தேவை. நமது மலர்கள் முதலாவதை விரும்பி அச்சிடுகின்றன. இரண்டாவது உறுதிப் பெட்டியில் கறையானுக்குப் போகிறது.

மற்றவர் வைத்த அடையாளம் நமக்குப் புதிதல்ல. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்தில் அடங்கினார். இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, 1912இல், அவர் அடங்கிய இடத்தில் கட்டடம் எழுப்பியவர் பிச்சையாக் கோனார். காப்பியத்தை மனனம் செய்த நாம் கப்றை மறந்தோம். வேறொருவர் நினைவில் வைத்திருந்தார். தமிழ்நாடு அரசின் மணிமண்டபம் வந்தது 2007இல்தான்.

கப்றின் மேல் கட்டடம் வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அது உலமாக்களின் விஷயம். அடையாளம் வேறு, அலங்காரம் வேறு. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கப்றின் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. தம் சகோதரரின் கப்றை அறிந்துகொள்வதற்காக. பெயர் வெட்டாத வெறும் கல். அதற்குப் பெயரைச் சேர்ப்பது அறிந்தவரின் ஞாபகம். ஞாபகம் போனால் கல் வெறும் கல்.

நமக்கு இது பழங்கதையுமல்ல. 2020 மார்ச் முதல் ஏறக்குறைய ஒரு வருடம் கொரோனாவில் மௌத்தான நம்மவர் எரிக்கப்பட்டார்கள். 2021 மார்ச்சில் அடக்கம் தொடங்கியபோது, ஓட்டமாவடி மஜ்மா நகர் ஒன்றே இடமானது. கொழும்பு வீடுகளிலிருந்து ஜனாஸாக்கள் இரவெல்லாம் பயணம் செய்து அங்கே போயின. ஒரு வருடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வரிசை வரிசையாக அடக்கப்பட்டனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அதுவும் வரலாற்றில் எழுதப்படும். ஆனால் எண்பது வருடம் கழித்து ஒரு பேத்தி புதுக்கடையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ பஸ் ஏறி அங்கே போய் நிற்கும்போது, அவள் கையில் என்ன இருக்கும்? ‘எரிக்கப் பார்த்தார்கள், போராடி வென்றோம்’ என்ற ஒற்றை வரியா, அல்லது எத்தனையாம் வரிசை, யார் கூடப் போனார், யார் லொறி ஓட்டினார், எந்த ஊரார் கப்று வெட்டினார் என்ற விவரமா?

இதை வாசிக்கும் ஒவ்வொரு வீட்டாரிடமும் நான் கேட்பது பெரிய ஆராய்ச்சியல்ல. உங்கள் உறுதிகளை எடுத்து வாசியுங்கள். வாப்பும்மாவின், உம்மும்மாவின் பெயரை முழுதாக எழுதுங்கள். வீட்டுக் கதையைப் பத்திரத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஒத்துவராத இடத்தில் கதையைத் தூக்கி எறியாதீர்கள். அது ஏன் அப்படிச் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். மலர் வெளியிடும் பள்ளிவாசல் நிர்வாகிகள், தலைவர்களின் படத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டையாவது பழைய மையித்துப் பதிவுகளுக்குக் கொடுக்கலாம்.

உம்மா இப்போது கத்தத்தில் இரண்டு பெயர் சொல்கிறார். முன்பு ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்தது அந்த உறுதியில் இருந்த பெயர். அவர் கொழும்புக்கு வந்து, இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கி, மாளிகாவத்தையில் அடங்கியவர். அங்கே அவருடைய மண்ணில் இப்போது வேறு யாரோ இருப்பார்கள்.