ஒற்றைக் குறி போதுமா?

வாக்குச்சீட்டில் கட்சியின் பெயருக்கு எதிரே ஒரே ஒரு குறி. ஆளுநர் முதல் நீதிபதி வரை அக்கட்சியார் அத்தனை பேருக்கும் வாக்கு விழுந்துவிடும்! அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இருந்த முறை இது. பென்சில்வேனியா 2019இல் இதனைக் கைவிட்டது. டெக்சாசு 2017இல் சட்டமியற்றி, 2020 தேர்தல் முதல் ஒழித்தது. ஆளை அறிந்து வாக்களிக்கட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

காரணம் இனிக்கிறது. ஆனால் மிச்சிகனில் நடந்தது என்ன? 2016இல் இம்முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. கறுப்பின மக்கள் வாழும் நகரங்களில் வரிசை நீளும், வாக்குரிமை தேயும் என்ற வழக்கில் நீதிமன்றம் அவ்வாண்டு தடை விதித்தது. 2018இல் மக்களே வாக்களித்து அம்முறையை மீட்டனர். ஆகவே, ஒழிப்பு என்றதும் கைதட்டுவது பகுத்தறிவன்று. ஒழிப்பதன் சுமை யார் தலையில் விழும் என்று கேட்பதே பகுத்தறிவு.

நம் நாட்டில் அந்த ஒற்றைக் குறி இல்லை, சின்னம் உண்டு. சின்னத்தை நாம் பழிப்பதற்கில்லை. 1951 கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் 100க்கு 18 பேரே. 1951-52 தேர்தலில் பெட்டிமீது ஒட்டிய சின்னந்தான், எழுத்தறியா ஏழையையும் பிறர் துணையின்றி வாக்களிக்க வைத்தது. குற்றம் சின்னத்தில் இல்லை. அதனைத் தெய்வமாக்கியதில் இருக்கிறது. கற்சிலையிடம் கேள்வி கேட்காதவனை நகைக்கும் நாம், சின்னத்தின் முன் வாய்பொத்தி நிற்கலாமா?

மக்கள் சிந்திப்பதில்லை என்பாரும் உளர். 2019 ஏப்ரல் 18ஆம் நாளைப் பார்க்கட்டும். மக்களவைக்கும், 18 சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தலுக்கும் தமிழகத்தில் ஒரே நாளில் வாக்குப்பதிவு. மக்களவையில் அ.தி.மு.க. அணி வென்றது தேனி ஒன்றே. அந்தத் தேனிக்குள் அடங்கிய ஆண்டிபட்டியும் பெரியகுளமும் சட்டமன்றத்திற்குத் தி.மு.க.வைத் தேர்ந்தன. பிற இடங்களில் அ.தி.மு.க. 8 சட்டமன்றத் தொகுதிகளை வென்றது. ஒரே நாள், ஒரே சாவடி, இரு வினாக்கள், இரு விடைகள்! புதுவையும் அப்படியே: 2021இல் 30 இடங்களில் 16ஐ என்.ஆர். காங்கிரசு – பா.ச.க. அணிக்கு அளித்த மக்கள், 2024இல் காங்கிரசின் வைத்திலிங்கத்தை மக்களவைக்கு அனுப்பினர்.

பதவிக்கொரு வினா கேட்டால், மக்கள் பதவிக்கொரு விடை தருகின்றனர். கேட்கவே படாத வினா எது? அபிஷேகப்பாக்கத்தின் தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் யார் பொறுப்பு என்பதே! புதுவையில் 1968க்குப்பின் 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தல் இல்லை. 2006இல் நடந்தது, 2011இல் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல, கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்தினர்.

வேட்பாளர் நம் அண்டை வீட்டார். அவர் நேர்மையை ஊரே அறியும். சின்னத்தைத் தாண்டி ஆளை எடைபோடப் பழகும் முதற் பள்ளி உள்ளாட்சித் தேர்தலே. அப்பள்ளியைப் பூட்டிவைத்துவிட்டு, வாக்காளன் தேர்வில் தவறினான் என்று ஏசுவது என்ன நீதி? இளைஞர்களே, சின்னத்தை மட்டும் பார்க்காதீர் என்று ஊருக்கு உரைக்குமுன், ஊருக்குரிய அந்த வாக்குச்சீட்டைக் கேட்டுப் பெறுவோம்.