சிரிப்பில் தொலைந்த போர்

அர்மாண்டோ இயனூச்சி பிபிசிக்காக 2005இல் தொடங்கிய 'த திக் ஆஃப் இட்' தொடர், பிரிட்டிஷ் அமைச்சகம் ஒன்றின் அன்றாடப் பதற்றத்தைக் காட்டியது. அறிவிக்க இருந்த திட்டம் கடைசி நிமிடத்தில் கைவிடப்பட, செய்தியாளர் சந்திப்புக்குப் போகும் காரிலேயே அமைச்சர் புதியதொன்றைத் தேடுவார். விஷயம் சிறியது, அதனால் அற்பத்தனம் பளிச்சென்று தெரிந்தது.

2009இல் அதே பாணி 'இன் த லூப்' திரைப்படமானது. பெயர் சொல்லப்படாத மேற்காசிய நாடொன்றின் மீது போர் தொடுக்க லண்டனும் வாஷிங்டனும் ஆயத்தமாகின்றன. இராக்தான் என்பது எவருக்கும் புரியும்.

படத்தில் மெச்சத்தக்கவை உண்டு. குழந்தையின் படுக்கையறையில், பேசும் பொம்மைக் கால்குலேட்டரில் அமெரிக்க ஜெனரல் மில்லர் படைபலத்தைக் கணக்கிடும் காட்சி அசலான அங்கதம். பீட்டர் கபால்டி நடிக்கும், பிரதமரின் ஊடக அதிகாரி மால்கம் டக்கரிடம் வசை ஒரு கலையாகவே ஆகிவிடுகிறது.

ஆயினும் படம் ஏமாற்றுகிறது. ராஜினாமா செய்யலாமா என்று தவிக்கும் அமைச்சர் சைமன் ஃபாஸ்டர், கடைசியில் தொகுதியில் இடியும் ஒரு சுவரைக் காரணம் காட்டி நீக்கப்படுகிறார். தொடரில் இது சரியான முடிவாக இருந்திருக்கும். இங்கே அது அவருடைய மனச்சாட்சிப் போராட்டத்தைத் துணுக்காக்கிவிடுகிறது. நிஜத்தில், 2003 மார்ச்சில் இராக் போரை எதிர்த்து பிரிட்டிஷ் அமைச்சர் ராபின் குக் உண்மையாகவே பதவி விலகினார். மறுநாள் நாடாளுமன்றம் 412க்கு 149 என்ற வாக்குகளில் போரை ஏற்றது. அங்கே கொள்கை இருந்தது, எதிர்ப்பு இருந்தது, தெரிந்தே எடுத்த முடிவும் இருந்தது. படத்திலோ பிரதமர் முகம் காட்டுவதே இல்லை; போரை விரும்புவோர் ஏன் விரும்புகிறார்கள் என்ற கேள்வியும் எழுவதில்லை.

கோழைகளான நடுமட்டத்தாரின் துணையின்றிப் போர் நடக்காது என்பதே படத்தின் வாதம் எனலாம். வலுவான வாதம்தான். ஆனால் உளவு அறிக்கையை டக்கர் திரிக்கும் இடத்தில் அந்த வாதம் பலவீனமாகிறது. நாம் குற்றத்தைக் கண்டு நடுங்க வேண்டிய நேரத்தில், அவமானப்பட்ட டக்கர் மீண்டெழும் சாமர்த்தியத்தை ரசிக்க வைக்கிறார்கள்.

நகைச்சுவையாக இது முதல்தரப் படம். அரசியல் அங்கதமாகத் தோற்ற படம். அங்கதம் அதிகாரத்தைச் சிறுமைப்படுத்தலாம். அதிகாரத்தின் பொறுப்பைச் சிறுமைப்படுத்தக் கூடாது. முட்டாள்தனத்தால் போர் வந்ததாகக் காட்டுவது, அதைத் திட்டமிட்டவர்களுக்குத் தரும் மன்னிப்பு.